கழுவாமல் வரட்டும்

மணாலி,
ஜூலை 9

பல்மோ, உனக்கு என் ஜூலே வணக்கம். நீயும் குழந்தையும் சுகம்தானே? வண்டிச் சங்கிலியில் விரல் லேசாக நசுங்கியதால் எழுத்து கோணலாக இருக்கிறது. பயப்படாதே.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் புனேக்காரத் தம்பதிக்குள் நேற்று எங்கள் வாடகை மோட்டார்சைக்கிள் கடையில் ஒரே சண்டை. அவருக்குப் பாங்கோங் ஏரி, அந்த அம்மாவுக்கு ஸ்பிதி.

"அண்ணே, எந்த மலைன்னு நீங்களே சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

வண்டி சீக்கிரம் திரும்புமே என்று, ஸ்பிதியைச் சொல்லும்படி முதலாளி கண்ணைக் காட்டினார். எனக்கோ ஷிங்கு லா கணவாய்க்கு அப்பால் நம் பார்லி வயல் பச்சையாக அசைவது தெரிந்தது.

"ரெண்டும் வேணாம், ஸன்ஸ்கார் போங்க" என்று சொல்லிவிட்டேன்.

"ஏண்டா ரிக்சின், ஊர் பார்க்க அனுப்புறியா, பொண்டாட்டிக்குத் தபால் அனுப்புறியா?" என்று முதலாளி சிரித்தார்.

அவர்களுக்கு வெண்ணெய்த் தேநீர் கொடு. எனக்குக் கொஞ்சம் காய்ந்த பாலாடைக்கட்டி கொடுத்தனுப்பு. நம் ஓடையில் வண்டியைக் கழுவப் போனால் மட்டும் விடாதே. இங்கே திரும்பி வரும் வண்டிகளை நான்தான் கழுவுகிறேன். மண்ணின் நிறத்தைப் பார்த்தே எந்த மலைக்குப் போய் வந்தது என்று சொல்லிவிடுவேன். நம் வாசல் மண் மட்டும் இதுவரை என் கைக்கு வந்ததில்லை.

வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். ஜூலே.

ரிக்சின்