முதலாம் நபர் வீடு திரும்புவது தொடர்பாக

அனுப்புநர்:
பூட்டுப் பட்டறை உரிமையாளர்
(முன்பு என் கணவர் பெயரில் இருந்தது),
பேருந்து நிலையத்துக்குப் பின் தெரு,
கடைசிக் கட்டடம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
சிறுதொழில் ஆய்வு மற்றும் புத்தாக்க நிதிப் பிரிவு,
பொது அலுவலக வளாகம், மூன்றாம் மாடி.

பொருள்: நிதியுதவியில் செய்த கதவை எங்கள் வாசலிலிருந்து கழற்றி எடுத்துச் செல்லும் உத்தரவை நிறுத்தி வைக்கக் கோருதல் – முதலாம் நபரின் நடைப் பதிவு போலி அல்ல எனத் தெரிவித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. புதுக் கண்டுபிடிப்புக்காகச் சிறு தொழில்களுக்குப் பொது நிதியிலிருந்து வழங்கப்படும் உதவியைப் பெற்றவர்களில் நாங்களும் உண்டு. அதற்கு நன்றி சொல்லித்தான் இம்மனுவைத் தொடங்குகிறேன். பின்னால் கொஞ்சம் காரமாக எழுத நேரிடும் என்பதால் நன்றியை முன்னாலேயே வைத்துவிடுகிறேன். நேற்று தங்கள் கடிதம் கிடைத்தது. திட்டம் ரத்து என்றும், உதவித்தொகையில் செய்த கதவையும் மிதிபலகைகளையும் அடுத்த வாரம் வண்டி அனுப்பி எடுத்துத் தங்கள் கிடங்கில் வைப்பதாகவும் அதில் உள்ளது. படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டாம் கட்டப் பணம் வராவிட்டால் போகட்டும், எப்படியோ சமாளித்துக்கொள்கிறோம். கதவை மட்டும் எடுக்கக் கூடாது. காரணத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

2. அது சாவி இல்லாத கதவு. கை நடுங்குகிறவர்கள், சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறவர்கள், கண் மங்கியவர்கள் ஆகியோருக்காக என் கணவர் யோசித்துச் செய்தது. வாசலுக்கு வெளியே ஒரு மிதிபலகை, உள்ளே ஒன்று. வெளிப்பலகையில் ஒருவர் நடந்து வரும் விதத்தைக் கதவு அறிந்துகொள்கிறது. எந்தக் கால் அழுந்துகிறது, எந்தக் கால் தயங்குகிறது, வந்து நின்றதும் உடம்பை எந்தப் பக்கம் சாய்க்கிறார் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். பதிந்து வைத்த நடை என்றால் பச்சை விளக்கு எரிந்து தாழ்ப்பாள் விலகும். தெரியாத நடை என்றால் மஞ்சள் விளக்கு. தெரியாத ஆள் நகராமல் நின்றுகொண்டே இருந்தால் சிவப்பு எரிந்து சங்கு ஊதும். ஒருவரின் நடையைப் பதிய, பதிவு நிலையில் வைத்துவிட்டு அவரை மூன்று முறை போய்த் திரும்பி நடக்கச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் முன்னால் பட்டறை, பின்னால் வீடு, இரண்டுக்கும் ஒரே வாசல். அந்த வாசலில்தான் சோதனைக் கதவைப் பொருத்தினோம். முதலாம் நபராகப் பதிந்தவர் என் கணவர். அடுத்து நான், என் மகள், என் கொழுந்தனார்.

3. என் கணவரின் இடது கணுக்காலில் ஒரு சமயம் கடை ஷட்டர் விழுந்து எலும்பு முறிந்தது. அதிலிருந்து இடது கால் ஒரு கணம் தாமதித்துத்தான் தரையைத் தொடும். வாசலில் வந்து நின்றால் பையைக் கை மாற்றிக்கொள்வார், வலது செருப்பை ஒரு தடவை தேய்ப்பார். கல்யாணமான புதிதில் இதற்காக நான் எரிந்து விழுந்திருக்கிறேன். "படி தேஞ்சு போகுதுங்க" என்பேன். "படி தேஞ்சா உனக்கு நான் வந்தது தெரியும்ல" என்பார். அப்படி ஒரு ஆள்.

4. முதல் கட்ட அறிக்கையை நேரில் கொடுக்க அவர் தங்கள் அலுவலகத்துக்குத்தான் வந்தார். கிளம்பும்போது, "சாயங்காலம் வந்துடுவேன், கொஞ்சம் லேட்டானா பயப்படாதே" என்றார். அறிக்கையைத் தங்கள் அலுவலகம் பெற்றுக்கொண்டது. முத்திரை குத்திய ரசீது அவர் சட்டைப் பையில் இருந்தது. திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். இதில் தங்கள் மீது எந்தக் குறையும் சொல்லவில்லை. அவர் தங்கள் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்பியவர் என்பதை மட்டும் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

5. அதன்பின் திட்டத்தை என் பெயருக்கு மாற்ற அலையாய் அலைந்தேன். ஒவ்வொரு மேசையிலும் "நாளைக்கு வாங்கம்மா". கடைசியில் தங்கள் பிரிவு எழுத்தர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கும்மா, முதன்மை ஆய்வாளர் சம்மதக் கையெழுத்து ஒண்ணுதான் இல்ல. அத மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். "அவர் செத்துட்டாருங்க" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, "தெரியும்மா, ஆனா படிவத்துல அந்தக் கட்டம் இருக்கே" என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் படியிறங்கி வந்தேன். அந்தக் கட்டம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. திட்டமும் இன்றுவரை அவர் பெயரிலேயே இருக்கிறது.

6. அந்த வாரம்தான் முதல் முறை நடந்தது. மாலையில் பட்டறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பச்சை விளக்கு எரிந்தது, தாழ்ப்பாள் விலகியது, கதவு திறந்தது. வாசலில் யாரும் இல்லை. முதலாம் நபர் என்று சிறு திரை காட்டியது. பிறகு உள்பலகையும் மெல்ல அழுந்தி எழுந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கொழுந்தனாரைக் கூவி அழைத்தேன். கொழுந்தனார் கம்பிகளை எல்லாம் பிரித்துப் பார்த்தார். எலி கடித்திருக்கிறதா, ஈரம் புகுந்திருக்கிறதா, தெருவில் லாரி போனால் அதிர்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். பழுது எதுவும் இல்லை. மறுநாள் மாலையும் திறந்தது. அதற்கடுத்த நாளும் திறந்தது. "அண்ணி, இத நான் வெளிய யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல" என்றார் கொழுந்தனார். நானும் சொல்லவில்லை. பயம் எத்தனை நாளைக்கு இருக்கும் ஐயா? கொஞ்ச நாளில் அந்த நேரத்துக்கு நான் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். என் மகள் பட்டறை மேசையில்தான் பாடம் எழுதுவாள். பச்சை எரிந்தால் தலையைக்கூடத் தூக்க மாட்டாள், வழியில் கிடக்கும் பள்ளிப் பையைக் காலால் ஓரமாகத் தள்ளி வைப்பாள். தடுக்கிவிடக் கூடாதாம்.

7. தாங்கள் அனுப்பிய நிபுணர் சோதனைக்கு வந்தார். சும்மா சொல்லக் கூடாது, பொறுப்பான மனிதர். காலை முழுவதும் கதவை ஏமாற்றிப் பார்த்தார். மணல் மூட்டையை இழுத்தார். கொழுந்தனாரின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். என் கணவரின் நடையை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அதே போல் இடது காலைத் தயங்கித் தயங்கி வைத்தும் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மஞ்சள் விளக்குதான். "இந்தக் கதவ யாரும் ஏமாத்த முடியாதும்மா, அருமையா செஞ்சிருக்கீங்க" என்றார். அதையே அறிக்கையிலும் எழுதியிருக்கிறார். மாலை அவர் வாசலோரம் நாற்காலி போட்டுக் கால் நீட்டி, டீ குடித்துக்கொண்டிருந்தபோது பச்சை எரிந்து கதவு திறந்தது. முதலாம் நபர். "யாருங்க?" என்றார் நிபுணர். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, உள்பலகை அழுந்துவதற்கு முன்பே, நீட்டியிருந்த காலை மடக்கி நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "ஆளில்லாமல் ஒரு தவறான திறப்பு" என்று அறிக்கையில் எழுதினார். கால் மடக்கியதை எழுதவில்லை. ஆளில்லாத வழிக்கு யாராவது கால் மடக்கி இடம் விடுவார்களா ஐயா? இதை அவரைக் கூப்பிட்டுத் தாங்களே கேட்க வேண்டும்.

8. அதன்பின் தங்களிடமிருந்து வந்த முதல் கடிதம், "பயன்பாட்டில் இல்லாத நபரின் பதிவை நீக்கி மறுசோதனைக்கு உட்படுத்தவும்" என்றது. பயன்பாட்டில் இல்லாத நபர்! உடைந்த வாளியைச் சொல்வதுபோல் இருந்தது, எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் பட்டறையும் பிழைக்க வேண்டும், இரண்டு வேலையாட்களின் குடும்பமும் பிழைக்க வேண்டும். "அழிச்சுடுங்க" என்று கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன். அவர் அழித்தார்.

9. அன்று மாலை மஞ்சள் எரிந்தது. கதவு திறக்கவில்லை. வெளிப்பலகையின் எடை திரையில் தெரியும். அது வலப்பக்கம் சாய்ந்தது, இடப்பக்கம் சாய்ந்தது. பையைக் கை மாற்றுகிறார். பிறகு வலது பக்கம் மட்டும் ஒரு சின்னத் தேய்ப்பு. திரும்பவும் நின்றார். தான் செய்த கதவு தனக்கு ஏன் திறக்கவில்லை என்று அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. நாங்கள் மூவரும் உள்ளேயிருந்து திரையையே பார்த்தோம். அவர் நகராமல் நின்றுகொண்டே இருந்ததால் சிவப்பு எரிந்தது. சங்கு ஊதியது. சொந்த வீட்டு வாசலில், திருடனைப் பிடிக்க வைத்த சங்கு, தெருவே கேட்க அவருக்கு ஊதியது ஐயா. என் மகள் காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, அப்பாவுக்குத் தொறம்மா" என்று கத்தினாள். நான் ஓடிப்போய்க் கம்பியைப் பிடுங்கிக் கதவைக் கையால் திறந்தேன். வெளியே வெறும் தெரு. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னாச்சு, திருடனா?" என்றார். நான் வழிவிட்டு ஓரமாக நின்றேன். சற்று நேரம் கழித்து உள்பலகை அழுந்தியது.

10. மறுநாள் மாலை கொழுந்தனாரிடம், "பதிவுல போடுங்க" என்றேன். "அண்ணி, மூணு தடவ நடக்கணுமே, யார் சொல்றது அவர்கிட்ட?" என்றார். யாரும் சொல்லவில்லை. வெளிப்பலகை அழுந்தியது, விட்டது. திரும்பவும் அழுந்தியது, விட்டது. மூன்றாம் முறையும் நடந்து வந்து, நின்று, செருப்பைத் தேய்த்ததும் பச்சை எரிந்தது. மூன்று முறை என்று விதி வைத்ததே அவர்தான். அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? மறுசோதனைக்காக நாங்கள் அனுப்பிய பதிவுப் பட்டியலில் தாங்கள் போலி என்று குறிப்பிட்டுள்ளது இதைத்தான்.

11. இப்போது தங்கள் ரத்துக் கடிதத்துக்கு வருகிறேன். அதில் இரண்டு காரணங்கள் உள்ளன. முதன்மை ஆய்வாளர் திட்டத்தில் நேரில் ஈடுபடவில்லை என்பது ஒன்று. அவரது நடைப் பதிவின் தேதி இறப்புச் சான்றிதழின் தேதிக்குப் பின்னால் இருப்பதால் அது மோசடி என்பது இன்னொன்று. மோசடி என்றால் அந்த நடையை நடந்து காட்டியது யார்? நானா, கொழுந்தனாரா, பள்ளிக்குப் போகும் என் பிள்ளையா? எங்களில் யார் நடந்தாலும் கதவு எங்கள் எண்ணைத்தான் காட்டும். யாராலும் ஏமாற்ற முடியாத கதவு என்று தங்கள் நிபுணரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் எழுதியது சரி என்றால் வந்தவர் முதன்மை ஆய்வாளர்தான், நாள் தவறாமல் நேரில் ஈடுபடுகிறார், ரத்துக்கு முகாந்திரம் இல்லை. செத்தவரிடம் கையெழுத்துக் கேட்கத் தங்கள் அலுவலகத்துக்குத் தயக்கம் இல்லை. அவர் காலடியை என் கதவு ஏற்றுக்கொண்டால் மட்டும் குற்றமா? வார்த்தை கடுமையாக இருந்தால் மன்னிக்கவும்.

12. கதவைக் கழற்றிக்கொண்டு போனால் வேறு கதவு போட்டுக்கொள்ளலாம், பூட்டுத் தொழில் செய்கிறவர்களுக்கு அது பெரிய காரியம் இல்லை. ஆனால் வேறு கதவுக்கு அவரைத் தெரியாது. பலகை இல்லாவிட்டால் அவர் வந்ததும் எனக்குத் தெரியாது. வந்து, நின்று, பையைக் கை மாற்றிக்கொண்டு, எவ்வளவு நேரம் வெளியே நிற்பாரோ! தங்கள் கிடங்கில் அந்தப் பலகையைச் சுவரில் சாத்தி வைத்திருக்கும்போது மாலையில் அது அழுந்தினால், அங்கே அவருக்கு யார் திறப்பார்கள்? இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

13. ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்:

(அ) கதவையும் இரண்டு பலகைகளையும் எடுக்க வரும் வண்டியை நிறுத்த வேண்டும். அவற்றின் விலையைத் தவணையில் கட்டிவிடுகிறேன்.

(ஆ) முடியாது என்றால், கழற்றுவதற்கு முன் தாங்களோ தங்கள் சார்பில் ஒருவரோ ஒரு மாலை மட்டும் எங்கள் பட்டறைக்கு வந்து உட்கார வேண்டும். டீ தருகிறோம். அதன்பிறகும் பதிவை அழிக்க வேண்டும் என்று தோன்றினால், அந்தப் பொத்தானை வருகிறவரே அழுத்தட்டும். நான் ஒரு முறை அழிக்கச் சொன்னதே போதும்.

(இ) தங்கள் கடிதத்தின் கடைசி வரியில், மறுபரிசீலனை வேண்டினால் முதன்மை ஆய்வாளர் தங்கள் அலுவலகத்தில் நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்கலாம் என்று அச்சிடப்பட்டுள்ளது. எல்லாருக்கும் அனுப்பும் வரிதான் என்று தெரியும். இருந்தாலும் அவர் பெயருக்கு வந்த கடிதத்தில் அது இருக்கிறது, அதைப் படித்ததிலிருந்து எனக்கு நெஞ்சு பதறுகிறது. அவர் பிறர் சொன்ன வார்த்தையைத் தட்டாதவர், கூப்பிட்டால் போய்விடுவார். தயவுசெய்து அந்த வரியை மட்டும் இன்றைக்கே அடித்துவிடுங்கள் ஐயா. அவர் தங்கள் அலுவலகத்திலிருந்து கிளம்பி வந்துகொண்டிருப்பவர். திரும்ப அங்கே கூப்பிடாதீர்கள். வீட்டுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
பூட்டுப் பட்டறை உரிமையாளர்,
இரண்டாம் நபர்

இடம்: பட்டறை, வாசலை ஒட்டிய மேசை
நாள்: தங்கள் கடிதம் கிடைத்த மறுநாள், மாலை

இணைப்பு:
1. நிபுணர் அறிக்கையின் நகல்.
2. முதல் கட்ட அறிக்கையைப் பெற்றுக்கொண்டதற்குத் தங்கள் அலுவலகம் தந்த ரசீதின் நகல். அசல் அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தது என்பதால் அதை என்னிடமே வைத்துக்கொள்கிறேன், தர இயலாது.
3. பெயர் மாற்றப் படிவம், முதன்மை ஆய்வாளர் கையெழுத்துக் கட்டம் காலியாக. கையெழுத்துக் கட்டாயம் என்றால் தெரிவிக்கவும். படிவத்தையும் பேனாவையும் மேசைமேல் வைத்துப் பார்க்கிறேன்.