கறுப்பு டேப் சுற்றிய இரண்டு டப்பாக்கள்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், சமையலறை மட்டும்தான் நலமாக இல்லை. நீ சௌக்கியமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறாளே என்று பதறாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் உன் குரல் கேட்டாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்பார், இது அவர் காதில் விழக்கூடாத விஷயம், அதனால்தான்.

லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து உங்கப்பா குழாய், தாழ்ப்பாள், என் தையல் மிஷின் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். கழற்ற வீட்டில் ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் காபிக்கொட்டையில் வந்து நின்றார். கடையில் வறுத்து விற்பதெல்லாம் வெறும் கருகல், வீட்டில் வறுத்தால்தான் காபி என்று யாரோ காதில் ஓதிவிட்டார்கள், அந்தப் புண்ணியவான் என் கண்ணில் பட்டால் இருக்கிறது அவனுக்கு. பழைய பிஸ்கட் டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு, நடுவில் கம்பி செருகி, எந்தக் காரிலிருந்தோ கழற்றிய வைப்பர் மோட்டாரை மாட்டி அடுப்புக்கு மேலே நிறுத்தினார். சுவிட்சைப் போட்டால் டப்பா சுற்ற வேண்டுமே, எங்கே சுற்றியது, மழையில் கண்ணாடி துடைக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. பாதிக் கொட்டை பச்சை, பாதி கரி. அதைச் சரிசெய்து சுற்ற வைத்த அன்றைக்கு வந்தது பார் புகை, எதிர்வீட்டுத் தையல்காரம்மா தீப்பிடித்துவிட்டது என்று வாளித் தண்ணீரோடு ஓடிவந்து உங்கப்பா தலையில் கொட்டிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தப் புகையில் எது அடுப்பு எது மனுஷன் என்று எனக்கே தெரியவில்லை.

வறுத்த கொட்டையைச் சட்டென்று ஆறவைக்க வேண்டுமாம், அதற்கு நீ விட்டுப்போன ஹேர் டிரையர். அதைப் பிடித்ததும் கொட்டையின் தோலெல்லாம் பறந்து ஜன்னல் வழியாகப் போய்த் தையல்காரம்மா தைத்துத் தொங்கவிட்டிருந்த வெள்ளைச் சட்டைகளின் மேல் உட்கார்ந்தது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கொட்டை படபடவென்று வெடிக்கிற சத்தத்தை வைத்துத்தான் பதம் பார்க்க வேண்டும் என்று, அந்த நேரத்தில் நான் குக்கர் வைக்கக்கூடாது, மிக்ஸி போடக்கூடாது, குழாயைத் திறக்கக்கூடாது. ஒருநாள் பாவி நான் தும்மித் தொலைத்துவிட்டேன், உன் தும்மல்ல முதல் வெடி கேக்காம போச்சேன்னு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடவே வரவில்லை. என் சமையலறையில் நான் தும்முவதற்கு அவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா, நீயே சொல்.

அன்றைக்குச் சண்டை முற்றி, இந்த வீட்ல ஒண்ணு உங்க தகர ராட்டினம் இருக்கணும், இல்ல நான் இருக்கணும் என்று சொல்லிவிட்டேன். மனுஷன் யோசித்தார், யோசித்தாரே என்று அதற்குத் தனியாக ஒரு சண்டை போட்டேன். கடைசியில் உன்னை நடுவராக வைப்பதென்று முடிவாயிற்று. வறுத்த கொட்டையை உனக்கு அனுப்புவது, நீ குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றால் ராட்டினம் இருக்கும், சுமார் என்றால்கூடப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். எம் பொண்ணு நாக்கு பொய் சொல்லாதுன்னு மார்தட்டினார். காற்றுப் பட்டால் வாசனை போய்விடும் என்று வறுத்ததை ஒரு டப்பாவில் அடைத்து, அடுத்த தடவைக்கான பச்சைக் கொட்டையை அதே மாதிரி இன்னொரு டப்பாவில் அடைத்து, இரண்டுக்கும் தலை முதல் கால் வரை கறுப்பு டேப் சுற்றினார். ஒன்றைப் பார்சல் போட்டார்.

நீயும் போன் செய்தாய். சூப்பர்ப்பா, இப்பத்தான் குடிச்சேன், வீடே கமகமன்னு இருக்குன்னு சொன்னாய். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. போக ஓர் இடமும் இல்லாமலே நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்துவிட்டு வந்தார். தோற்றுவிட்டோம், இனி ராட்டினத்தோடுதான் குடித்தனம் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அப்புறம் ஒருநாள், பருப்பு கொட்டி வைக்கலாம் என்று மிச்சமிருந்த அந்தப் பச்சைக் கொட்டை டப்பாவைப் பிரித்தேன். உள்ளே பளபளவென்று வறுத்த கொட்டை. அடியே, உனக்கு வந்தது பச்சைக் கொட்டை! அதை ஊறவைத்தால் கழுவிய தண்ணீர்தான் வரும், கமகமவாவது ஒன்றாவது! நீ அந்த டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை, இல்லையா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ராட்டினத்தை ஒழித்துக்கட்ட நல்ல சாக்கு கையில் கிடைத்துவிட்டது, ஆனால் அதைக் காட்டினால் மகள் ஏமாற்றிவிட்டாள் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்துவிடும். என்னால் முடியவில்லை. மறுபடி டேப் சுற்றி அதே இடத்தில் வைத்துவிட்டு, அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் கொஞ்சம் எடுத்துப் போட்டுக் குடித்துத் தீர்ப்பது, தீர்ந்ததும் பச்சைக் கொட்டை வாங்கி நிரப்புவது என்று திட்டம் போட்டேன். காபி எப்படி இருந்தது என்று கேட்பாய். நன்றாகத்தான் இருந்தது, வயிற்றெரிச்சல். அவரும் முதுகு வலி என்று ராட்டினம் பக்கமே போகவில்லை, நல்லதாய்ப் போயிற்று என்றிருந்தேன். ஆனால் நான் குடித்ததைவிட டப்பா வேகமாகக் காலியாயிற்று.

நேற்று மத்தியானம் அவர் தூங்குகிறார் என்று நினைத்துச் சமையலறைக்குள் போனால், மிக்ஸி சத்தம் கேட்டுவிடும் என்று கொட்டையைத் துணியில் சுற்றி ஸ்பேனரால் நசுக்கிக்கொண்டிருக்கிறார் உங்கப்பா. நீ போன் செய்த மறுநாளே அடுத்த தடவை வறுக்க அந்த டப்பாவைப் பிரித்தபோது அவருக்குத் தெரிந்துவிட்டதாம், மறுபடி டேப் சுற்றி வைத்துவிட்டாராம். எனக்குத் தெரியாமல் இருக்க அவரும் குடித்துத் தீர்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எனக்கு மட்டும் சிரிப்பு நின்ற பிறகும் வந்தது. ஏன் என்கிட்ட சொல்லலைன்னு கேட்டேன். நீ அவளைத் திட்டுவே, ஒரு டப்பாவைப் பிரிக்கக்கூட நேரமில்லாம புள்ள அங்க என்ன பாடு படுதோ, அவகிட்ட இதைச் சொல்லிடாதே, சங்கடப்படுவான்னு சொன்னார்.

அவருக்கு இருக்கிற நல்ல மனசு எனக்கு இல்லை, சொல்லிவிட்டேன். சங்கடப்படு. ஒருநாளாவது லீவு போட்டுவிட்டு உட்காரு. இன்று காலை அவருக்கு முதுகு வலி போய்விட்டது, ராட்டினம் சுற்றுகிறது, அடுத்த டப்பா உனக்குத்தான், இந்த முறை டேப் சுற்றுவதற்கு முன்னால் நானே திறந்து பார்த்தேன்.

நோய் நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. டப்பா வந்ததும் அப்பாவுக்குப் போன் செய். பொய் சொல்வதானாலும் குடித்துவிட்டுச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா