மூன்றாம் பெஞ்சிலிருந்து ஓர் இருமல்

அன்பையும் அதட்டலையும் ஒரே குரலில் வைத்திருந்த என் கிருபை அக்காவுக்கு,

கோவிலில் உன் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மூன்றாம் பெஞ்சு, நடைபாதை ஓரம். யாரும் அங்கே உட்காரக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. புதிதாக வருகிறவர்கள்கூட எப்படியோ ஒரு ஆள் அளவு தள்ளியே உட்காருகிறார்கள். மன்றாட்டு வாசிக்க நான் எழுந்து நின்றால் என் கண் முதலில் அங்கே போகும். பிறகு காது காத்திருக்கும், இருமல் வருமோ என்று.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். ஞாயிறு ஆராதனையில் சபையார் சார்பாக ஒருவர் எழுந்து நாட்டுக்காகவும் ஊருக்காகவும் நோயாளிகளுக்காகவும் வேண்டுதல்களை வாசிப்பது எங்கள் வழக்கம். ஒவ்வொன்றும் முடிந்தவுடன் சபை முழுதும் ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்று சொல்லும். பல வருடங்களாக அந்த வேலை என்னுடையது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கப் பயப்படுகிறவனுக்கு, எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கும் வேலை பொருத்தம்தானே?

ஆனால் தணிக்கை அலுவலகத்தில் குறிப்பு எழுதியே தேய்ந்த கை அக்கா இது. "உலகின் பல பாகங்களிலும் பல்வேறு துன்பங்களுக்கு ஆளாகியிருக்கும் பலருக்காகவும்" என்று ஆரம்பித்தால் போதும், உன் பெஞ்சிலிருந்து ஒரு இருமல் வரும். வீட்டுக்கு வந்ததும் கேட்பாய்: "பலரா? யார்டா அந்தப் பலர்? பேரு கிடையாதா அவங்களுக்கு? அது ஜெபமா, ஆபீஸ் நோட்டா?" நர்ஸாக இருந்தவள் நீ. எந்தப் படுக்கை, எந்த நோயாளி என்று தெரியாமல் மருந்து கொடுத்தவள் இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, படித்த பக்கத்தையே மறுபடி படிக்கிறேன்.

அடையாற்றுக் கரையில் நம் செல்வி இருக்கும் குடியிருப்பை எடுக்கிறார்கள். பாதி எடுத்தாகிவிட்டது. அங்கிருந்தவர்களுக்குப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு. நகரத்தில் வேலை, நகரத்துக்கு வெளியே தூக்கம். மீதியிருக்கும் ஒரு வரிசையில்தான் செல்வியும் அவள் மகள் ஏஞ்சலும். நீ பைபிள் கதை சொல்லிக்கொடுத்த செல்விதான். தி.நகரில் ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நின்று சேலை விரிக்கிறாள், ஞாயிறு வந்து பாடகர் குழுவில் நிற்கிறாள். ஏஞ்சல் இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும்.

அரசாங்கம் சொல்லும் காரணத்தைப் பொய் என்று என்னால் தள்ளிவிட முடியாது. அந்தப் பெருவெள்ளத்தில் ஆறு அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததை நாம் பார்த்தோம். நம் கோவில் கூடத்தில்தான் அத்தனை குடும்பமும் படுத்திருந்தது. நீ ஊசி போட்டுக்கொண்டு நடந்தாய், நான் உன் பின்னால் பஞ்சு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆறு ஆபத்துதான். ஆனால் அதே ஆற்றங்கரையில் கண்ணாடி மாளிகைகள் எழும்பும்போது மட்டும் ஆறு ஏன் ஆபத்தாவதில்லை? நான் கேட்கிறேன். யாரிடம்? உன்னிடம். அதுவும் நீ போன பிறகு.

மூன்று வாரமாக மன்றாட்டில் "ஆற்றங்கரைக் குடும்பங்களுக்காக" என்று ஒரு வரி சேர்த்து வாசித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் வாரம் அறுப்பின் பண்டிகை வந்தது. அறுக்க ஒரு வயல்கூட இல்லாத ஊரில், சைதாப்பேட்டை மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காயையும் கரும்பையும் பீடத்துக்கு முன்னால் அடுக்கி வைத்துப் பண்டிகை கொண்டாடும் சபை அல்லவா நாம்! இந்த முறை சிறப்பு விருந்தினராக ஓர் அதிகாரியை அழைத்திருந்தார்கள். ஆற்றங்கரை வேலையும் அவர் பொறுப்பில். நம் கூடத்தைப் பெரிதாக்கிக் கட்டுவதற்கான அனுமதியும் அவர் மேஜையில்.

பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆயர் வீட்டுக்கே வந்துவிட்டார். நீ பார்த்திராத புது ஆயர், சின்ன வயது, நல்ல பிள்ளை. நான் போட்ட காபியைப் பாதி குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வாரம் மட்டும் அந்த ஆத்தங்கரை வரி வேணாமே."

"மூணு வாரமா வாசிச்சேனே, பாஸ்டர்."

"அப்போ நாம மட்டும் இருந்தோம். இப்போ அவர் முன்வரிசையில உக்காந்திருப்பாரு. விருந்துக்குக் கூப்பிட்டுட்டு மூஞ்சில அடிக்கிற மாதிரி ஆயிடாதா? ஹால் விஷயம் வேற இருக்கு."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே தொடர்ந்தார்: "அதிகாரத்துல இருக்கிறவங்களுக்காக ஜெபிக்கிறோம் இல்ல? அதுக்குள்ள எல்லாம் அடங்கிடும் அங்கிள். மன்றாட்டுங்கிறது கடவுள்கிட்ட பேசறது. அந்த ஆபீசர் காதுல விழட்டும்னு பேசினா அது மனு."

அக்கா, இந்த வாக்கியம்தான் என்னைத் தின்றது. அவர் கூடத்துக்காகச் சொன்னார் என்று தள்ளிவிடலாம். ஆனால் சொன்னது பொய்யில்லையே. ஒரு மனிதர் கேட்க வேண்டும் என்பதற்காகக் கடவுளை நோக்கிப் பேசுவது என்ன பேச்சு? கண்ணை மூடிக்கொண்டு செய்யும் மேடைப்பேச்சு. தேர்தல் காலத்தில் பிரசங்க பீடங்களிலிருந்து அப்படிப்பட்ட ஜெபங்களைக் கேட்டு நாமே முகம் சுளித்திருக்கிறோம். சரி, அந்த அதிகாரியின் காதில் விழக் கூடாது என்பதற்காக ஒன்றைக் கடவுளிடம் சொல்லாமல் விட்டால் அதற்கு என்ன பெயர்? அதுவும் அவரை நோக்கிப் பேசுவதுதானே? இரண்டு பக்கமும் அவரே உட்கார்ந்திருந்தார், கடவுளைக் காணோம்.

மறுநாள் சாயங்காலம் செல்வி வந்தாள். உன் படத்துக்கு ஒரு முழம் மல்லிகை. வந்ததும் நாற்காலியில் சரிந்து கால்களை நீட்டிக்கொண்டாள்.

"கடையில குந்தவே உடமாட்டானுங்க அய்யா. காலு ரெண்டும் என்து இல்ல." பிறகு சிரித்தாள். "இடிக்கறதுக்கு கதவுல செவப்பு பெயிண்ட்டால நம்பர் போட்டுட்டு போய்ட்டானுங்க. எங்க வூட்டு லூசு ஏஞ்சலு இன்னா பண்ணிச்சி தெரியுமா? கிறிஸ்மஸ் ஸ்டார எடுத்தாந்து அந்த நம்பர் மேல மாட்டி வெச்சிக்கினு கீது. 'இந்த வூட்ல நம்பரே இல்ல சார்'ன்றதாம், கேட்டா!"

"ஏஞ்சல் படிக்கிறாளா?"

"படிக்கிது. பரிட்ச முடியற வரிக்கும் உட்டா போதும் அய்யா. அப்பால எங்க தூக்கிக் கடாசினாலும் போறோம்."

ஆயர் வந்ததை மெதுவாகச் சொன்னேன். கோபப்படுவாள், என்னையும் கோபப்பட வைப்பாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் கையை வீசினாள்.

"அய்ய, உடுங்க. உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த வயசுல வம்பு? ஹாலாவது வரட்டும். அடுத்த வெள்ளத்துக்கு ஒதுங்க எடம் வோணும்ல? சிஸ்டரம்மா இருந்தா அவுங்க பேசுவாங்க. நீங்க பாவம்."

நீங்க பாவம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவள் போன பிறகு உட்கார்ந்து எழுதினேன். "எங்கள் சபையின் செல்வியும் அவர் மகள் ஏஞ்சலும் ஆற்றங்கரையில் அவர்களோடு வாழ்வோரும், பரீட்சை முடியும்வரை, தங்கள் வீடுகளை இழக்காதபடி காத்தருளும்." பேர் இருந்தது, இடம் இருந்தது, கேட்பது இருந்தது. நீ இருமியிருக்க மாட்டாய். ஆனாலும் அந்த நடு வார்த்தைகள் உறுத்தின. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடம் போய் ஒரு பரீட்சைக் காலத்துக்கு மட்டும் தவணை கேட்கிறேனே? அவள் கேட்டதே அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் ஏன் அவ்வளவு மட்டும் கேட்கப் பழகினாள் என்ற கேள்வி அதற்குப் பின்னால் நின்றது.

ஞாயிறு. கரும்பு வாசனை, பட்டுப்புடவைகள். முன்வரிசையில் அந்த அதிகாரி, மரியாதையாகக் கைகூப்பிக்கொண்டு. கெட்டவர் முகமாக இல்லை. அதுவே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சபைக்காக வாசித்தேன், பதில் வந்தது. நாட்டுக்காக, பதில் வந்தது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு நீதியும் இரக்கமும் அருளும்படி வாசித்தேன். பதில் சற்றுப் பலமாகவே வந்தது. பிறகு செல்வியின் பேரை வாசித்தேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

வாசித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. "பரீட்சை முடியும்வரை" என்பதை நான் வாசிக்கவே இல்லை. வீடுகளை இழக்காதபடி காத்தருளும், அவ்வளவுதான். தவணை இல்லை, வரம்பு இல்லை. துணிந்து விட்டேனா, கண் தவறிவிட்டதா? சத்தியமாகத் தெரியவில்லை அக்கா. துணிவு என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

பதில் வரவில்லை. தூக்கத்தில்கூடச் சொல்லும் அந்த வாக்கியத்தைச் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. மின்விசிறிகளின் சத்தம் மட்டும். எல்லாருடைய கண்ணும் ஆயர் மேல். பாடகர் குழுவில் செல்வி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வேண்டுதலுக்குப் போய்விடலாமா என்று கண் கீழ்வரிக்கு இறங்கியது.

"ஆண்டவரே," என்றது ஒரு குரல். ஆயர்தான். "எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்." அதன் பிறகு சபை சொன்னது, கொஞ்சம் கொஞ்சமாக, முன்பின்னாக. சங்கடத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னாரோ, மனதாரச் சொன்னாரோ, அதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் முதலில் சொன்னவர் அவர். இதை யார் என்னிடம் அவரைக் குறை சொன்னாலும் சொல்வேன்.

ஆராதனை முடிந்து வெளியே டீ குடிக்கும்போது அந்த அதிகாரி கேட்டார், "செல்விங்கிறது யாரு?" பாடகர் அங்கியோடு அவள் முன்னால் வந்தாள். "என்னம்மா வேணும்?" என்றார். அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "பொண்ணுக்குப் பரிட்சை சார். முடியற வரிக்கும்."

"பாக்கலாம்மா," என்றார். டம்ளரை வைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

நான் கடவுளிடம் முழுதாகக் கேட்டதை அவள் மனிதரிடம் பாதியாகக் கேட்டுக்கொண்டாள். யார் செய்தது சரி? அவளுக்கு அந்த மனிதரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவா, எனக்குக் கடவுளைப் பற்றித் தெரிந்தது இவ்வளவா?

இன்றுவரை வீடு இடிக்கும் இயந்திரம் வரவில்லை. காலையில் பேருந்தில் பாலத்தைத் தாண்டும்போது எட்டிப் பார்க்கிறேன். நட்சத்திரம் தெரிகிறது. திரும்பி வரும்போது இருக்குமா என்று பகலெல்லாம் மனம் அலைகிறது. கூடத்துக்கு அனுமதியும் வரவில்லை. அதற்கு நான் காரணம் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். இருக்கலாம்.

போன வாரம் ஆயர் மறுபடி வந்தார். இந்த முறை காபியை முழுதும் குடித்தார். "அங்கிள், இத்தனை வருஷம் நீங்களே வாசிச்சிட்டீங்க. இனிமே வாலிபர்கள் வாசிக்கட்டுமே. நீங்க ஓய்வா உக்காந்து ஆராதிங்க," என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் வழக்கம்போல, "சரி பாஸ்டர்," என்றேன். வேறென்ன சொல்லத் தெரியும் எனக்கு?

ஆனால் நேற்று ஒரு காரியம் செய்தேன். கடைசிப் பெஞ்சுக்குப் போகாமல், நேராக உன் இடத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் பெஞ்சு, நடைபாதை ஓரம். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசித்த பையன் நன்றாகத்தான் வாசித்தான், நல்ல உச்சரிப்பு. "நகரத்தின் பல பகுதிகளிலும் பல்வேறு கஷ்டங்களில் இருக்கும் பலருக்காகவும்" என்றான்.

எனக்குச் சளி இல்லை அக்கா. தொண்டை வறட்சியும் இல்லை. ஆனாலும் இருமினேன். சின்ன இருமல்தான்; கைக்குட்டையை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு. பையன் காகிதத்திலிருந்து நிமிர்ந்தான். பாடகர் குழுவில் செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த வீடுகள் நின்றாலும் சரி, விழுந்தாலும் சரி, அவர்கள் பேர் மன்றாட்டில் வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் இருமுவேன். உன் அளவுக்குச் சத்தமாக வராது. பழகிக்கொள்கிறேன்.

உனக்குப் பின்னால் பஞ்சு டப்பாவோடு இன்னும் வந்துகொண்டிருக்கும் தம்பி,
அருள்