மாதாவின் கால்விரல் சிவப்பு

என்னங்க,

எங்கள் சாந்தோம் பங்குக் கோயில் மாதா சுரூபம் பழுதுபார்க்க உங்கள் சிலை ஆய்வகத்துக்கு வந்து ஒரு மாதமாகிறது. அவள் கன்னத்தில் எத்தனை அடுக்கு வண்ணம் என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டீர்கள். சாப்பிடும்போதும் அவள் பேச்சுதான். நான் முடி வெட்டிக்கொண்டது மட்டும் கண்ணில் படவில்லை.

நேற்று, "கால்விரல்ல இருக்கிற சிவப்பு மட்டும் என்னன்னே பிடிபடல, துளி சுரண்டி பெரிய லேபுக்கு அனுப்பணும்" என்றீர்கள்.

அனுப்ப வேண்டாம். அது என் நெயில் பாலிஷ். திருநாள்தோறும் எல்லாரும் உதடு வைத்து முத்தி செய்தே அந்த விரலில் வண்ணம் போயிருந்தது. உங்களையே கட்டிவைக்கச் சொல்லி வேண்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்பு நான்தான் பூசிவிட்டேன்.

அதே சிவப்பு மூன்று வாரமாக என் கால்விரல்களிலும் இருக்கிறது. அதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
அவளுக்கு அடுத்த இடத்தில் இருக்கும்
உங்கள் மனைவி