அந்தக் கடிகாரத்தின் பட்டை அறுந்துபோகவில்லை

கிதாஸாவா,
நவம்பர் கடைசி

அன்பு மகள் இகுமிக்கு,

நீ அங்கே நியூசிலாந்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்ற நினைப்போடு அம்மா இதை எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பாதி பொய், நலமில்லை என்று எழுதினால் அதுவும் பாதி பொய். மலை உச்சியில் வெண்பனி விழுந்துவிட்டது, நம் முற்றத்துக்கு இன்னும் வரவில்லை. பெர்சிமன் பழங்களை உரித்துக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டாயிற்று, நோஸாவானா கீரையை உப்பில் போட்டுக் கல்லும் ஏற்றியாயிற்று, இந்தத் தடவை உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. உனக்கு அங்கே வெயில் காலம், ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற நாள். தொப்பி இல்லாமல் வேலி கட்டப் போகாதே, உன் மூக்குத் தோல் உரிந்திருந்ததைப் போன தடவை படத்தில் பார்த்தேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே கொதாட்சு கணப்பு மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் கேட்பார், அதுவும் போக நீதான் இப்போதெல்லாம் போனையே எடுப்பதில்லையே.

நீ அனுப்பிய செய்தி வந்தது. இரும்புப் பட்டை போட்ட கடிகாரம் மூன்றின் படம் அனுப்பியிருக்கிறாய், எது வேண்டுமோ சொல், உடனே அனுப்புகிறேன் என்கிறாய். அதோடு கடைசியில் புத்தாண்டுக்கு வரவில்லை என்று ஒரு வரி. நான் பார்த்து வாங்கின பட்டை அறுந்துதான் அப்பா ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்தார், எந்த முகத்தோடு வந்து அவரைப் பார்ப்பது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அப்பா உன்னிடம் போனில், பட்டை அறுந்து கீழே விழுந்துடுச்சும்மா என்று சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். உண்மை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்து வந்த மனுஷனை அந்த நேரத்தில் பொய்யனாக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன், அது உன்னைப் போய் இப்படி அறுக்கும் என்று தோன்றவில்லை. இகுமி, அந்தப் பட்டை அறுந்துபோகவே இல்லை. ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அந்தக் கடிகாரம் இப்போது என் கண் முன்னால்தான் இருக்கிறது, நேரம் சரியாகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

அதை வாங்குவதற்கு முன் நீயும் அவரும் ஒரு மாதம் போனில் அடித்த கூத்து ஞாபகம் இருக்கிறதா. நீ உன் கடிகாரத்தைக் காட்டி, இது ஓடையில விழுந்துச்சு, மேல வண்டி ஏறுச்சு, இன்னும் ஓடுது பாருங்கப்பா என்பாய். அவர் எதைக் காட்டினாலும் ஒரு குறை சொல்வார். கண்ணாடியைத் தொட்டு இயக்குகிற வகை வேண்டாம், என் விரலை அது மரப்பட்டைன்னு நெனச்சுக்கும் என்றார். கையுறையோடு அமுக்குகிற மாதிரி பொத்தான் வேண்டும், வெயிலில் எழுத்து தெரிய வேண்டும், தினம் தினம் மின்னேற்றிக்கொண்டு இருக்க முடியாது, சேறு தாங்க வேண்டும், பாறையில் இடித்தால் தாங்க வேண்டும். நீ உன் பங்குக்கு, போன் கையில் இல்லாவிட்டாலும் ஆள் இருக்கும் இடத்தை அதுவே என் போனுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். ரப்பர் பட்டை அவருக்கு அரிக்கும் என்றுதானே தேடித் துணிப்பட்டை போட்டு அனுப்பினாய். பெட்டியைப் பிரித்தவர், இது கடிகாரமா சோத்துப்பானை மூடியா என்று கேட்டார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் புதுமாப்பிள்ளைகூட அவரிடம் தோற்பான். வயல் சேற்றில் முக்கி எடுப்பதும் குழாயில் கழுவி ஊர்க்காரருக்குக் காட்டுவதும், நாடித் துடிப்பைப் பார்த்து, எனக்கு இதயம் இருக்குன்னு இதுக்காவது தெரியுதே என்று என்னைக் குத்துவதும், ஒரே அமர்க்களம். நீ தேர்ந்தெடுத்ததில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

வினை வந்தது காளான் ரூபத்தில். மாட்சுதாகே காளான் முளைக்கிற இடத்தைக் கட்டின பெண்டாட்டிக்கும் சொல்லக்கூடாது, பெற்ற பிள்ளைக்கும் சொல்லக்கூடாது என்று நம் ஊர் ஆண்கள் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு அலைவது உனக்குத் தெரிந்ததுதான். இத்தனை வருஷத்தில் அவர் கொண்டுவந்து கொட்டின காளானை நான் சோற்றில் போட்டு ஆக்கியிருக்கிறேன், எந்தச் சரிவில் பறித்தார் என்று கேட்டதில்லை. செப்டம்பரில் ஊர்ப் பொது மண்டபத்தில் கூட்டம் முடிந்து எல்லாரும் குடித்துக்கொண்டிருந்தபோது தகிஸாவா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கென்சாகு அண்ணே, இனிமே உன் இடத்தைக் கண்டுபிடிக்க நான் உன் பின்னாடியே மோப்பம் பிடிச்சுக்கிட்டு வர வேண்டியதில்ல, யோஷினோ அண்ணிகிட்ட ஒரு கோப்பை சாக்கே கொடுத்து போனை எட்டிப் பாத்தா போதும் என்று சொல்ல, மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் அன்றையிலிருந்து மலைக்குப் போகும்போதெல்லாம் அணைக்கட்டுக்கு மேலே அந்தப் பெரிய மேப்பிள் மரம் இருக்கிறதே, அதில் கடிகாரத்தைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, பட்டையின் கொக்கியையும் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போவார், திரும்பும்போது எடுத்துக் கட்டிக்கொண்டு வருவார். எங்கே போகிறார் என்று அந்தக் கடிகாரத்துக்கும் தெரியக்கூடாதாம். அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. போனில் பார்த்தால் புள்ளி எப்போதும் அந்த ஒரே இடத்தில் நிற்கும். அந்த மரத்தடியில என்ன, சின்னவீடு எதாவது வச்சிருக்கீங்களா என்று ஒரு நாள் கேட்டேன். அவர் மீசைக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும் நான், விட்டுவிட்டேன்.

நீ சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து நடக்கிற வழக்கம் ஒன்று உண்டு அல்லவா. காலையில் குட்டி லாரியில் அவரை அணைக்கட்டு வளைவில் இறக்கிவிடுவேன், எந்தப் பக்கம் ஏறுகிறார் என்று பார்க்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். பொழுது சாய்கிற நேரம் அதே வளைவில் போய் நின்று ஹாரனை நீளமாக அடிப்பேன். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும், எந்தச் சரிவிலிருந்தாலும் இறங்கி வருவார். நீ பின்னால் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொள்வாய். இந்த வருஷம் கடிகாரம் வந்த பிறகு நான் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டேன். புள்ளி நகர ஆரம்பித்ததும் வீட்டிலிருந்து கிளம்பினால் சரியாக இருந்தது, முன்னாலேயே போய்க் குளிரில் காத்துக் கிடக்க வேண்டாமே என்று ஒரு சுகம். அவர் விழுந்த நாளுக்கு முந்தின நாள் நல்ல மழை. காளானுக்கு ஏற்ற ஈரம் என்று துள்ளிக்கொண்டு போனார். நான் வீட்டில் கீரையைக் கழுவிக்கொண்டு நடுநடுவே போனைப் பார்த்தேன். புள்ளி மரத்தடியிலேயே இருந்தது. கிழவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். வெளிச்சம் மங்கியது, புள்ளி அங்கேயே இருந்தது. எனக்கு ஒரு பயமும் வரவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை. கடிகாரம் இல்லாதிருந்தால் அந்நேரம் வளைவில் நின்று ஹாரன் அடித்திருப்பேன்.

நன்றாக இருட்டின பிறகுதான் தகிஸாவாவைக் கூப்பிட்டேன். ஊர்த் தீயணைப்புக் குழுவுக்கு அவன்தானே தலைவன், ஆட்களைத் திரட்டிக்கொண்டு நேரே புள்ளிக்குப் போனான். டார்ச்சு வெளிச்சத்தில் கடிகாரம் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனும் காளான் பறிக்கிறவன், கொக்கி போட்டிருந்ததைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. என் கையில் அதைக் கொடுத்தபோது, அண்ணி, நான் அன்னைக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மரத்தைச் சுற்றிச் சுற்றியே தேடினார்கள், அவர் கிடந்ததோ முகட்டுக்கு அந்தப் பக்கம், மூங்கில் புல் மூடிய பள்ளத்தில், தொடை எலும்பு முறிந்து. விடிந்த பிறகுதான் கண்டார்கள். அவருடைய இடத்துக்குச் சற்றுக் கீழே அது. தகிஸாவா அங்கே போய்த்தான் தூக்கி வந்தான். பிறகு ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்து, அண்ணே, ஒரே இருட்டு, எந்தப் பக்கம்னே எனக்கு நினைவில்ல என்றான். வெட்டவெளிச்சத்தில் தூக்கி வந்தவன் சொல்கிறான்.

இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது, விழுந்ததும் ஏன் கத்தவில்லை என்று கேட்டேன். பகல்ல கத்தி யாருக்குக் கேக்கப்போகுது, சாயங்காலம் நான் இறங்கி வரலைன்னா உன் ஹாரன் வரும், அது நின்னதும் கத்தினா உனக்குக் கேக்கும்னு குரலை மிச்சம் பிடிச்சு வச்சிருந்தேன், அது வரவே இல்லையே யோஷினோ என்றார். குற்றம் சொல்கிற குரலே இல்லை, மழை வரும் என்றார்கள் வரவில்லை என்பதுபோலச் சொன்னார். என் கையிலிருந்த கஞ்சி ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. நீ அங்கே பட்டையை நினைத்து அழுகிறாய், நான் இங்கே ஹாரனை நினைத்து அழுகிறேன், அவர் கொக்கியை நினைத்து ராத்திரி புரண்டு படுக்கிறார். யாரை யார் தேற்றுவது சொல்.

டாக்டர் இனி மலைச்சரிவு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தொடையில் கம்பி வைத்திருக்கிறது, கோலூன்றி வீட்டுக்குள் நடக்கிறார். வந்த நாளிலிருந்து ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தவர் போன ஞாயிற்றுக்கிழமை திடீரென்று, வண்டியை எடு, அந்தக் கடிகாரத்தைக் கையில கட்டிக்கோ என்றார். அணைக்கட்டு வளைவுக்குப் போகும் வழியெல்லாம் பாதையைச் சொன்னார். மேப்பிள் மரத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தப் பாறையைக் கையால் பிடித்து ஏற வேண்டும், எங்கே கால் வழுக்கும் என்று எல்லாம் சொல்லி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல என்னைத் திருப்பிச் சொல்லவைத்தார். எந்தப் பெண்டாட்டிக்கும் எந்தப் புருஷனும் சொல்லாததை எனக்குச் சொல்கிறார், சந்தோஷப்படவா, இனிமேல் தன்னால் போகவே முடியாது என்று தெரிந்துதானே சொல்கிறார். போனைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார், நீ போற புள்ளியை நான் பாத்துக்கிட்டே இருக்கேன் என்றார்.

நான் போய்ச் சேர்ந்தேன் இகுமி. நான்கைந்து சிவப்புப் பைன் மரம், அதற்குக் கீழே கொஞ்சம் இலைச்சருகு, அவ்வளவுதான் இடம். இதற்காகவா என்று இருந்தது. சருகுக்கு மேலே மாட்சுதாகேக்கள் குடைபோல விரிந்து, கறுத்து அழுகிக் கிடந்தன. அவர் அன்றைக்குப் பறிக்கப் போனவை. அப்பாவைத் தேடி வந்து இதைப் பார்த்த அத்தனை பேரில் ஒருவன்கூட ஒன்றையும் தொடவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கால் ஓயும்வரை ஏறி வந்து, நல்ல காலத்தில் இரண்டு பேருமாக இங்கே ஒருநாள் உட்கார்ந்து சோற்றுருண்டை சாப்பிட்டிருக்கலாமே என்று நினைத்தேன், அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்போது கீழேயிருந்து ஹாரன் கேட்டது. நீளமாக, விடாமல், பள்ளத்தாக்கு முழுக்க. விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். பக்கத்து இருக்கையிலிருந்து எட்டிச் சாய்ந்து, முறிந்த காலோடு, இரண்டு கையாலும் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. போனைத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்களே, எதுக்கு இந்த ஹாரன் என்று கத்தினேன். புள்ளி நின்னுடுச்சு என்றார்.

அதனால் அப்பாவுக்கு இனி புதுக் கடிகாரம் வேண்டாம், எனக்கு ஒன்று பார். அடுத்த வருஷம் பறிக்கப் போகிறவள் நான்தானே. அவருடையது என் மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி வருகிறது, சின்னதாக வேண்டும், ஆனால் எழுத்து சின்னதாக இருக்கக்கூடாது, பொத்தான் இருக்க வேண்டும். எவ்வளவு நல்லதாக வாங்கினாலும் சரி, பொழுது சாய்ந்தால் அவர் வளைவில் வந்து ஹாரன் அடிக்கத்தான் போகிறார், யாரை வண்டி ஓட்டச் சொல்லி வருவாரோ அது அவர் பாடு. நீயும் வேலி வேலைக்குப் போகும்போது கடிகாரம் இருக்கிறதே என்று இருந்துவிடாமல், எந்தப் பக்கம் போகிறாய் என்று ஒரு மனுஷரிடம் சொல்லிவிட்டுப் போ.

நீ தீர்க்காயுளாக, கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் புத்தர் மாடத்தில் விளக்கேற்றிக் கேட்டுக்கொள்கிறேன். புத்தாண்டுக்கு வந்து சேர். பட்டையைப் பற்றி அப்பாவிடம் ஒன்றும் கேட்காதே, அவரே சொல்வார், சொல்லும்போது சிரித்துவிடாதே. கடிகாரத்தைக் கையில் கொண்டு வா, எனக்கும் துணிப்பட்டையே இருக்கட்டும்.

எப்போதும் உன் நினைவாக,
உன் அம்மா
யோஷினோ