கோவிலுக்குள் லாரி வராது

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அவர் கேட்டார்: "சாந்தி, என் கிடாருக்கு, சத்தமே நடுங்குற மாதிரி ஒரு ஆம்ப் பெட்டி செஞ்சு குடு. அப்பறம் என் கை நடுங்குனா யாருக்குத் தெரியப்போவுது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார், வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு. நடுக்குவாதம் என்று டாக்டர் சொன்னது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். மாதா கோவில் பாடகர் குழுவுக்குத் தெரிந்தால் பரிதாபப்பட்டே ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். இருபத்தாறு வருடமாகக் கிடார் வாசிக்கும் இடம்.

பெரம்பலூர் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவளிடம் புருஷன் கேட்ட முதல் பொருள் இதுதான்.

2 மார்ச்

ட்ரெமோலோ வேலை செய்கிறது. பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு வால்வில் மின்சாரம் தானாக ஏறி இறங்கி, கிடார் சத்தத்தையும் கூடவே ஏற்றி இறக்குகிறது. எந்த வேகத்தில் வைப்பது? அவர் டிவி பார்க்கும்போது அந்தக் கையைப் போனில் வீடியோ பிடித்து, மெதுவாக ஓட்டி எண்ணினேன். விநாடிக்கு ஐந்து. ஆம்ப் குமிழை அதற்கே திருப்பினேன்.

புருஷன் கையை இப்படியா எண்ணுவாள் ஒருத்தி? அடுப்படியில் போய் அழுதேன்.

6 ஏப்ரல்

எதிரொலிக்கு ஸ்பிரிங் பெட்டி பொருத்தியாயிற்று. சத்தம் ஸ்பிரிங்குகளில் ஓடித் திரும்புகிறது. எங்கள் கூடமே பெரிய கோவிலாகிவிட்டது. அவர் கண் கலங்கிவிட்டார்.

தெருவில் சுண்ணாம்புக்கல் லாரி போனபோது மட்டும் ஸ்பிரிங் அதிர்ந்து இடி மாதிரி உறுமியது. அடியில் ரப்பர் வைத்திருக்க வேண்டும். வகுப்பில் படித்துப் படித்துச் சொல்கிறவள், நேரே ஸ்க்ரூ போட்டு முறுக்கிவிட்டேன்.

"கோவிலுக்குள்ள லாரி வராதுல்ல, விடு," என்றார். விட்டுவிட்டேன்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

எழுத முடியவில்லை.

22 ஏப்ரல்

வாசித்தவரை நன்றாகவே இருந்தது. கீபோர்டு வாசிக்கும் நான்சி திரும்பி, "அங்கிள், என்னா சவுண்டு!" என்றாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கிய பிறகு எல்லோரும் முழந்தாளில். மௌனம். ஈஸ்டர் சட்டைமேல் துண்டு ஏது? கையை மறைக்க ஆம்ப் மேல் ஊன்றிக்கொண்டார். ஸ்பிரிங்குக்கு லாரி என்ன, கை என்ன. குர்ர் — குர்ர் — குர்ர். விநாடிக்கு ஐந்து. பதறிக் கையை எடுத்தார், நின்றது. தடுமாறி மறுபடி ஊன்றினார், மறுபடி இடி. கோவிலே திரும்பி அவர் கையைப் பார்த்தது.

நாலு ரப்பர் துண்டு. அதுக்குப் போயி சோம்பல்பட்டேனே, பாவி நான்.

27 ஏப்ரல்

அவர் பூசைக்கு வரவில்லை. நான்சி வீட்டுக்கே வந்தாள். "வாசிக்கலன்னா பரவால்ல அங்கிள், சும்மா வந்து எங்ககூட உக்காருங்க."

நல்ல பிள்ளை. ஆனால் எந்த வார்த்தைக்குப் பயந்தாரோ அதையே சொல்லிவிட்டாள். "வரேம்மா," என்றார்.

15 ஜூன்

கிடாரைக் கோவிலுக்கே கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

30 ஜூன்

சாயங்காலம் பஸ் இறங்கி வரும்போது வாசலிலேயே உறுமல் கேட்டது. லாரி என்று நினைத்தேன். தெருவில் ஒரு வண்டியும் இல்லை.

உள்ளே ஆம்ப் சுவிட்சைப் போட்டுவிட்டு, அதன்மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். துண்டு தோளில் கிடந்தது. என்னைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை. ஈஸ்டரன்று கேட்டதைவிடச் சத்தம் பெரிதாகியிருக்கிறது.

"ரப்பர் வாங்கி வச்சிருக்கேங்க. மாட்டிரட்டுமா?"

"வேணாம் சாந்தி. இப்ப எனக்கு வாசிக்க வர்றது இது ஒண்ணுதான்."

நான் செய்த நடுக்கத்தை, அந்த ட்ரெமோலோவை மட்டும் அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.