தம்பி விரல்

ஜூன் 4

அன்பு அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. தகரப் பட்டறையில் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாய், ஆகவே நலம்தான். போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம், பிறகு ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று சாதிக்கிறோம் என்பதால் அத்தான் போட்ட சட்டப்படி, இதை எழுதி லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சந்தைக் கூரை இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. வரைபடத்தில் தூண்களெல்லாம் ஒரே இடைவெளியில் நிற்கின்றன. நேரில் வந்து பார்த்தால் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. கொத்தனாரைக் கேட்டால், “தகரம்தானே சார், வளைஞ்சு குடுக்கும்” என்கிறார். பொறியாளர் பக்கத்தில் நின்று டீ குடிக்கிறார். ஒவ்வொரு இடைவெளிக்கும் தனித்தனியாக அளவு எடுத்து, தனித்தனியாக வெட்டினால்தான் வேலை நடக்கும். இதற்கிடையில் சந்தைக்காரர்கள் எல்லாரும் ரோட்டோரத்தில் குடைக்குக் கீழே கடை போட்டிருக்கிறார்கள். மீன்கார அம்மா என்னைக் காணும்போதெல்லாம், “மழைக்குள்ள கூரை வந்துருமா, இல்ல மீனையெல்லாம் திரும்ப நீந்த விட்டுரவா?” என்று கேட்கிறார்.

கூரை ஓரத்தில் தண்ணீர் ஓடும் தகரக் கால்வாய்களுக்கு அளவு அனுப்பியிருக்கிறேன். முதலில் அவற்றை வெட்டி அனுப்பு.

கிளம்பும்போது நான் சொன்னதை மறந்துவிடாதே. திட்டம் போடுவதிலிருந்து கடைசி ஆணி வரை இந்த வேலையை நானே முடித்தால், பட்டறையில் நான் உன் கூட்டாளி. போர்டில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர். இல்லையென்றால் இங்கேயுள்ள காண்ட்ராக்டர் கூப்பிடும் வேலைக்குப் போய்விடுவேன். மிரட்டவில்லை, சொல்கிறேன்.

உன் தம்பி

ஜூன் 10

என் ராசா தம்பிக்கு,

கடிதம் வந்தது, பாதி டீக்கறையோடு. டிரைவர் குடித்ததா, உன் பொறியாளர் குடித்ததா தெரியவில்லை. நீளம் எழுதினாய், அகலம் எழுதினாய், தகடு எந்தக் கனத்தில் வேண்டும் என்று எழுதினாயா? நானே ஊகித்து வெட்டச் சொன்னேன். நடுவில் மடிக்கும் எந்திரம் படுத்துக்கொண்டது. அதைப் பழுது பார்க்க வந்தவர் வேறு ஏதோ ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போனார். என் வாய் வறண்டதுதான் மிச்சம்.

கூரையில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள். ‘எனக்குத் தெரியாதா’ என்று நீ சொல்வது இங்கேயே கேட்கிறது. கட்டிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

போர்டு விஷயம், வேலை முடியட்டும், பார்க்கலாம்.

அக்கா

ஜூன் 19

அக்காவுக்கு,

உன் ‘பார்க்கலாம்’ எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். சைக்கிள் கேட்டபோதும் பார்க்கலாம் என்றுதான் சொன்னாய்.

கால்வாய்கள் வந்து சேர்ந்தன. ஒன்றுகூடத் தூண்களுக்கு நடுவே உட்கார மாட்டேன் என்கிறது. எல்லாமே ஒரு விரல் அளவு நீளம் அதிகம். இந்த முறை ஒவ்வொரு இடைவெளியையும் இரண்டு பக்கமிருந்தும் அளந்தேன் அக்கா, வெயிலில், கொத்தனாரை டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வைத்து. எங்கே தப்பு என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது டிரைவர் சிரித்தார்.

“தம்பி விரல் போட்டு வெட்டிருப்பாங்க சார்.”

“அது என்ன விரல்?”

“உங்களுக்குத் தெரியாதா? நீங்க அளவு குடுத்தா எப்பவும் ஒரு விரல் குறையுமாமே. அதனால ஒரு விரல் கூட்டித்தான் வெட்டுவாங்க. பட்டறைல எல்லாருக்கும் தெரியுமே!”

எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நான் கொடுத்த அளவு ஒருநாளும் பிசகியதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேனே, நீங்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் எப்படிச் சிரித்திருப்பீர்கள்! வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

இப்போது ஒவ்வொன்றையும் கைக்கத்தரியால் நறுக்கிக்கொண்டிருக்கிறோம். எனக்கு உள்ளங்கையெல்லாம் கொப்புளம். “உங்க பட்டறைல டேப் கிடையாதா?” என்று கேட்டார் பொறியாளர். நேற்று முதல் மழை வேறு பெய்தது. மீன்கார அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை, பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இனி பாக்கி முகட்டுத் தகடுகள் மட்டும்தான். கூரையின் இரண்டு சரிவும் சேரும் உச்சியை மூடுபவை. அளவு இதோடு இருக்கிறது. எழுதியதை எழுதியபடியே வெட்டு. ஒரு நூல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். சத்தியம் செய்து பதில் எழுது.

தம்பி

ஜூன் 24

தம்பிக்கு,

நன்றாகக் கோபப்படு. எனக்கும் வருகிறது.

உன்னைக் கேலி செய்யவா விரல் சேர்த்தோம்? அளவு சொல்லும்போது நீ சொச்சத்தை விழுங்கிவிடுவாய். அதைச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிடுவாய். தகடு வீணாவதா, நீ பட்டினி கிடப்பதா? ஒரு விரல் சேர்ப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இப்போதெல்லாம் வெட்டுபவர் என்னைக் கேட்பதுகூட இல்லை, உன் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் கை தானாகச் சேர்த்துவிடுகிறது. இந்தத் தடவை இரண்டு பக்கமிருந்தும் அளந்தேன் என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாய்?

முகட்டுத் தகடு குறைந்தால் நடுச்சந்தையில் ஒழுகும். அப்புறம் நம் பட்டறைக்கு ஒருவரும் வேலை தர மாட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஒளிக்கவில்லை.

சத்தியமாக நீ எழுதியபடியே வெட்டுகிறோம். போதுமா?

அக்கா

ஜூலை 6

அக்காவுக்கு,

கூரை முடிந்தது.

முகட்டுத் தகடுகள் பொருந்தின. கடைசி ஆணியை அடித்துவிட்டு நான் இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அது போட்ட சத்தத்தில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. மீன்கார அம்மா வேண்டுமென்றே உச்சிக்கு நேர் கீழே கூடையை வைத்து உட்கார்ந்துகொண்டு, “ஒரு சொட்டு விழட்டும், அப்புறம் இருக்கு உனக்கு” என்று கத்தினார். மழை விடும்வரை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். விழவில்லை. எழுந்துபோகும்போது என் தோளில் ஒரு தட்டு தட்டினார். இன்னும் மீன்வாடை போகவில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. தகடுகளை மேலே ஏற்றுவதற்கு முன்னால், கயிறு தேடி லாரிக்குள் போனேன். சீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. டிரைவர் தலையைச் சொறிந்தார். “இடைவெளி விழுந்தா மூடுறதுக்கு சின்னச் சின்னப் பட்டைங்க சார். ஆணிக்கு ஓட்டைகூட போட்டாச்சு. நீங்க கேட்டா மட்டும் குடுக்கணும், கேக்கலன்னா சத்தமில்லாம திரும்பக் கொண்டாந்துரணும்னு அக்கா சொன்னாங்க.”

நீ சத்தியத்தை மீறவில்லை. விரலைத் தகட்டோடு சேர்க்காமல் தனியாக அனுப்பிவிட்டாய்! முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு ஏணியில் ஏறியவன் டேப்பைத்தான் எடுத்தேன். அளந்ததையே மறுபடி அளந்தேன், மறுபடியும் அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கூரை முடிந்த சந்தோஷத்தை அந்தக் கட்டு பாதியாக்கிவிட்டது.

கட்டை அவிழ்க்கவில்லை. அப்படியே திருப்பி அனுப்புகிறேன். காண்ட்ராக்டரிடம் வருவதாகச் சொல்லிவிட்டேன். உன்மேல் எனக்கு வெறுப்பில்லை அக்கா. உன் பக்கத்தில் இருந்தால் என் அளவை நானே நம்ப மாட்டேன், அவ்வளவுதான்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் ஏறினேன்.

உன் தம்பி

ஜூலை 12

என் தம்பிக்கு,

கட்டு வந்தது. போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. மேஜைமேல் வைத்துவிட்டு அழுதேன். “பொருந்திடுச்சுன்னா நல்லதுதானே, எதுக்கு அழற?” என்றார் அத்தான். அவருக்கு என்னவென்று சொல்வது?

இனிமேல் யார் கொடுக்கும் அளவுக்கும் விரல் சேர்க்கக் கூடாது என்று பட்டறையில் சொன்னேன். வெட்டுபவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப தம்பி வர மாட்டாரா?” என்று கேட்டார். சாக்பீஸை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

உன்னை இங்கேயே பிடித்து வைத்துக்கொள்ள ஆயிரம் காரணம் எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். போ. எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

அடுத்த மழைக்கு நான் அங்கே வருகிறேன், நீ போட்ட கூரைக்குக் கீழே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். டேப் எடுத்து வர மாட்டேன்.

அக்கா